முக எண்ணா, கூட்டிய எண்ணா? தாயம் முதல் போர் விளையாட்டு வரை – முக்கியக் குறிப்புகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வீட்டிலும் நூலகத்திலும் மின்சார ரயிலிலும் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இந்தக் குறிப்புகள். டிஎன்பிஎஸ்சி திறனறிவுப் பாடத்திட்டத்தில் பகடை தனித் தலைப்பாகவே இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் புள்ளியியலோடு நிகழ்தகவும் சேர்ந்து வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க, பாட்டி வீட்டுத் தாயக்கட்டையைவிட நல்ல கருவி கிடையாது. மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகளில் இன்று பெரிய விவாதமாக இருக்கும் ஒரு கேள்வி தாயத்திலும் இருக்கிறது. பகடையில் விழுந்த எண் ஒன்று. அதில் கூட்டியோ கழித்தோ வரும் எண் இன்னொன்று. சிறப்புத் திறன் எந்த எண்ணுக்குக் கட்டுப்படும்? இதற்கு விடை தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்தால் முழுக் கணக்கும் முடிந்தது.

பகுதி 1: முதலில் தெரிய வேண்டிய சொற்கள்

• முக எண் – பகடை நின்றதும் கண்ணுக்குத் தெரியும் எண். எதுவும் கூட்டாதது, கழிக்காதது.

• திருத்த எண் – விதி சொல்வதால் முக எண்ணோடு சேர்க்கும் +1, −1 போன்றவை. எதிரி மறைவில் நின்றால் −1, அசையாமல் நின்று சுட்டால் +1 என்பது போல.

• கணக்கு எண் – முக எண்ணும் திருத்த எண்ணும் சேர்ந்து கடைசியில் கிடைப்பது.

• சிறப்புத் திறன் – குறிப்பிட்ட எண் விழுந்தால் மட்டும் நடக்கும் கூடுதல் பலன். தாயத்தில் 1 விழுந்தால் காய் இறங்குவது ஒரு சிறப்புத் திறன். போர் விளையாட்டில் 6 விழுந்தால் ஒரு அடி இரண்டு அடியாவது இன்னொன்று.

• மறு ஆட்டம் – முதலில் விழுந்ததை வைத்துக்கொண்டு இன்னொரு முறை உருட்டுவது. இரண்டும் கணக்கில் சேரும்.

• மறு உருட்டல் – முதலில் விழுந்ததைத் தள்ளிவிட்டு மீண்டும் உருட்டுவது. இரண்டாவது மட்டுமே கணக்கில் சேரும். மறு ஆட்டத்தையும் மறு உருட்டலையும் குழப்பிக்கொண்டால் விடை தவறும்.

• கூறுவெளி – நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பு. ஓர் ஆறுமுகப் பகடைக்கு 6, இரண்டுக்கு 36, ஒரு சோடித் தாயக்கட்டைக்கு 16.

பகுதி 2: தாயக்கட்டை – எண்களும் வாய்ப்புகளும்

• தாயக்கட்டை என்பது நான்கு நீளப் பக்கங்கள் கொண்ட இரண்டு கட்டைகள். பெரும்பாலும் பித்தளை அல்லது இரும்பு. நீளமாக இருப்பதால் முனையில் நிற்காது. நான்கு பக்கங்களில் ஒன்றுதான் மேலே வரும்.

• ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பக்கம் வெறுமை (0). மற்ற மூன்றிலும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி.

• ஆடுபவர் இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துத் தரையில் உருட்டுவார். மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டிச் சொல்வார்.

• இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது 0 அல்ல, 12. சிறப்பு விதியின் முதல் எடுத்துக்காட்டு இதுதான். முக எண் பூஜ்யம், கணக்கு எண் பன்னிரண்டு.

• கூறுவெளி 4 × 4 = 16. ஒவ்வொரு விளைவும் கிடைக்கும் வழிகள்:

– 1 (தாயம்): (0,1), (1,0) – 2 வழி – 2/16
– 2: (0,2), (2,0), (1,1) – 3 வழி – 3/16
– 3: (0,3), (3,0), (1,2), (2,1) – 4 வழி – 4/16
– 4: (1,3), (3,1), (2,2) – 3 வழி – 3/16
– 5: (2,3), (3,2) – 2 வழி – 2/16
– 6: (3,3) – 1 வழி – 1/16
– 12: (0,0) – 1 வழி – 1/16

• சரிபார்ப்பு: 2 + 3 + 4 + 3 + 2 + 1 + 1 = 16. தேர்வில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்காமல் விடை எழுதக் கூடாது.

• அதிகம் விழுவது 3. அரிதாக விழுபவை 6-ம் 12-ம்.

• ஒரு வீச்சின் சராசரி: (1×2 + 2×3 + 3×4 + 4×3 + 5×2 + 6×1 + 12×1) ÷ 16 = 60 ÷ 16 = 3.75.

• இரண்டு வெறுமையை 0 என்றே எண்ணினால் சராசரி 48 ÷ 16 = 3 மட்டுமே. ஒரே ஒரு சிறப்பு விதி சராசரியை 0.75 உயர்த்துகிறது.

பகுதி 3: தாயத்தின் சிறப்புத் திறன்கள்

• கட்டத்தின் அளவும் சில விதிகளும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். கீழே வருபவை பரவலாக ஆடப்படும் விதிகள்.

• தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அதுவரை எத்தனை 12 போட்டாலும் காய் வெளியேதான்.

• 1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம். வாய்ப்பு: (2 + 2 + 1 + 1)/16 = 6/16 = 3/8.

• எதிராளியின் காய் நிற்கும் கட்டத்தில் நம் காய் போய் விழுந்தால் வெட்டு. வெட்டுப்பட்ட காய் மறுபடியும் தாயத்துக்குக் காத்திருக்க வேண்டும். வெட்டியவருக்கு இன்னொரு ஆட்டம் உண்டு.

• பெருக்கல் குறி போட்ட கட்டம் மலை. மலையில் ஏறிய காயை வெட்ட முடியாது. மலை என்பது கட்டத்துக்கு உள்ள திறன். பகடையில் என்ன விழுந்தாலும் அது மாறாது.

• வெட்டு எடுத்தவர்தான் உள்சுற்றுக்குள் போகலாம் என்பது பல வீடுகளின் விதி. நடுக்கட்டத்தை அடைந்த காய் பழம்.

• ஆக, தாயத்தில் மூன்று வகைத் திறன்கள் உள்ளன: எண்ணால் வருவது (தாயம், மறு ஆட்டம்), இடத்தால் வருவது (மலை), செயலால் வருவது (வெட்டு). போர் விளையாட்டின் எல்லாத் திறன்களையும் இந்த மூன்றில் அடக்கிவிடலாம்.

• ஒரு முறை கட்டையைக் கையில் வாங்கினால் சராசரியாக எத்தனை வீச்சு? மறு ஆட்ட வாய்ப்பு 3/8. எனவே 1 ÷ (1 − 3/8) = 8/5 = 1.6 வீச்சு.

• ஒரு முறைக்குச் சராசரி நகர்வு: 3.75 × 1.6 = 6. மிச்சமில்லாமல் 6 வருவது மனப்பாடத்துக்கு வசதி.

• தாயம் விழச் சராசரியாக 8 வீச்சு வேண்டும் (2/16 = 1/8).

• ஆனால் 5, 6, 12-க்கு மறு ஆட்டம் உள்ளதால், ஒரு முறைக்குள் தாயம் விழும் வாய்ப்பு 1/8-ஐவிட அதிகம். ஒரு வீச்சில் தாயம் 2/16. தாயம் இல்லாமல் தொடர்வது 4/16. முறை முடிவது 10/16. எனவே 2 ÷ (2 + 10) = 1/6.

• அதாவது காய் இறங்கும் வாய்ப்பு, ஆறுமுகப் பகடையில் 6 விழும் வாய்ப்புக்குச் சமம். வீச்சுக்கணக்கு 8, முறைக்கணக்கு 6. கேள்வியில் ‘வீச்சு’ என்று கேட்டிருக்கிறதா, ‘முறை’ என்று கேட்டிருக்கிறதா என்று பார்க்கவும்.

• கட்டை இல்லாத வீட்டில் ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய நான்கு புளியங்கொட்டைகள் போதும். ஒன்று மட்டும் வெள்ளையாக விழுந்தால் தாயம். எல்லாம் கறுப்பானால் 8 என்பது ஒரு வழக்கம். இரு பக்கமும் சம வாய்ப்பு என்று கொண்டால் தாயம் 4/16 = 1/4. விதி அதே, கருவி மாறியதும் திறன் கிடைக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது.

பகுதி 4: தாயத்தில் +1 சேர்த்தால் என்ன ஆகும்?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ‘உன் ஒவ்வொரு வீச்சுக்கும் +1’ என்று ஒரு சலுகை கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் வாங்கிக்கொள்ளத் தோன்றும். எந்த வரிசையில் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது வரமாகவும் சாபமாகவும் மாறும்.

• முறை (அ) – திறன் முக எண்ணுக்கு. நகர்வு மட்டும் கணக்கு எண்ணுக்கு.
– காய் இறங்கும் வாய்ப்பு: 2/16, மாறவில்லை.
– மறு ஆட்டம்: 6/16, மாறவில்லை.
– வீச்சுச் சராசரி 4.75, முறைக்குச் சராசரி 4.75 × 1.6 = 7.6.

• முறை (ஆ) – இரட்டை வெறுமையை முதலில் 12 ஆக்கு, பிறகு +1 சேர், கணக்கு எண்ணைப் பார்த்துத் திறன் கொடு.
– 1 விழுந்தால் 2 ஆகிறது. 12 விழுந்தால் 13 ஆகிறது. கணக்கு எண் 1 வர வழியே இல்லை.
– காய் இறங்கும் வாய்ப்பு: 0. சலுகை பெற்றவர் ஆட்டம் முடியும்வரை வெளியே உட்கார்ந்திருப்பார்.
– மறு ஆட்டம்: 4 விழுந்தால் 5 (3 வழி), 5 விழுந்தால் 6 (2 வழி) – மொத்தம் 5/16.
– காய் ஏற்கெனவே இறங்கியிருந்தால் முறைக்குச் சராசரி 4.75 × 16/11 ≈ 6.9.

• முறை (இ) – முதலில் +1 சேர். பிறகுதான் 12 விதியைப் பார்.
– இரட்டை வெறுமை 0 + 1 = 1, அதாவது தாயம். காய் இறங்கும் வாய்ப்பு 1/16.
– 12 ஒருபோதும் வராது.
– மறு ஆட்டம்: 1 (1 வழி), 5 (3 வழி), 6 (2 வழி) – 6/16.
– வீச்சுச் சராசரி 64 ÷ 16 = 4; முறைக்குச் சராசரி 6.4.

• ஒரே கட்டை, ஒரே +1. இறங்கும் வாய்ப்பு மட்டும் 2/16, 0, 1/16 என்று மூன்று விடைகள். கூட்டலில் தவறு எதுவும் இல்லை, வரிசைதான் மாறியது.

• நினைவில் வைக்க: பெரிய எண் எப்போதும் நல்ல எண் என்று கொள்ளக் கூடாது. ‘சரியாக இந்த எண்’ என்று கேட்கும் திறனுக்குக் கூட்டலும் கெடுதல்தான். ‘இந்த எண் அல்லது அதற்கு மேல்’ என்று கேட்கும் திறனுக்கே கூட்டல் உதவும்.

பகுதி 5: போர் விளையாட்டின் வரலாறு – ஆண்டு வரிசை

• சதுரங்கம் – யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையை வைத்த இந்திய விளையாட்டு. பகடை உருட்டி எந்தக் காயை நகர்த்துவது என்று முடிவு செய்யும் நால்வர் சதுரங்கத்தை 11-ஆம் நூற்றாண்டில் அல்-பிரூனி விவரித்துள்ளார்.

• 1812 – பிரஷ்ய நாட்டு ரெய்ஸ்விட்ஸ், மேசைமேல் ஆடும் போர் விளையாட்டை மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்குக் காட்டினார்.

• 1824 – அவருடைய மகன், படை அதிகாரியான இளைய ரெய்ஸ்விட்ஸ், விதிநூலை வெளியிட்டார். பெயர் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’. நிலவரைபடம், நடுவர், பகடை மூன்றும் இதில் உண்டு.

• 1876 – வெர்டி டு வெர்னோய் பகடையையும் அட்டவணையையும் குறைத்து நடுவரின் அனுபவத் தீர்ப்புக்கு முதலிடம் தந்தார்.

• 1913 – ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதினார். சுருள்வில் பீரங்கியால் பொம்மைப் படையைச் சுடும் ஆட்டம் இது.

• 1971 – ‘செயின்மெயில்’ விதிநூல். இதிலிருந்து கிளைத்தது 1974-இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்.

• 1975 – ‘கேம்ஸ் ஒர்க்‌ஷாப்’ பிரிட்டனில் தொடக்கம். 1983 – ‘வார்ஹாமர்’. 1987 – ‘வார்ஹாமர் 40,000’.

• ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இருபதுமுகப் பகடையில், தாக்கும்போது முக எண் 20 விழுந்தால் எதிரியின் தற்காப்பு எண் எதுவானாலும் அடி விழும். 15 விழுந்து +5 சேர்ந்து 20 ஆனால் அந்தத் திறன் கிடையாது.

• அதே ஆட்டத்தின் 2014 பதிப்பில் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகை உண்டு. அப்போது 20 கிடைக்கும் வாய்ப்பு 1 − (19/20)² = 39/400 = 9.75%. ஒரு பகடையில் 5%. +5 சேர்த்தாலும் முக எண் 20-இன் வாய்ப்பு 5% மட்டுமே. திருத்த எண் வேறு, கூடுதல் பகடை வேறு.

பகுதி 6: ‘வார்ஹாமர் 40,000’ – விதி எப்படித் திருந்தியது

திருத்த எண்ணும் சிறப்புத் திறனும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மூன்று பதிப்புகளை ஒப்பிட்டுப் படிக்கவும்.

• அடிப்படை: ஆறுமுகப் பகடை. ‘3+’ என்றால் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குறி படும் – வாய்ப்பு 4/6.

• தாக்குதலின் வரிசை: குறி படுதல் → காயம் → தற்காப்பு → சேதம்.

• 8-ஆம் பதிப்பு (2017): மறு உருட்டல் முதலில், திருத்த எண் பிறகு.

– 3+ வேண்டிய வீரருக்கு −1 உள்ளது. தவறியதை மறு உருட்டலாம் என்று திறனும் உள்ளது. பகடையில் 3 விழுகிறது. மறு உருட்டும் கட்டத்தில் அது தவறவில்லை, எனவே மீண்டும் உருட்ட முடியாது. அடுத்து −1 சேர்ந்து 2 ஆகிறது, குறி தவறுகிறது.

– வாய்ப்பு: 3/6 + (2/6 × 3/6) = 24/36 = 2/3.

– திருத்த எண்ணை முதலில் சேர்த்திருந்தால்: 3/6 + (3/6 × 3/6) = 27/36 = 3/4. வரிசை மாறினால் 36-இல் 3 பங்கு போகிறது.

• அதே பதிப்பில் பிளாஸ்மா துப்பாக்கி: முழு வீச்சில் சுடும்போது குறி எண் 1 ஆனால் சுட்டவரே இறப்பார். −1 இருந்தால் 2 விழுந்தாலும் 1 ஆகிவிடும். சாகும் வாய்ப்பு 1/6-இலிருந்து 2/6. குறியைக் குறைக்கும் ஒரு −1-க்காக நம் துப்பாக்கி வெடித்தது.

• 9-ஆம் பதிப்பு (2020): குறிக்கும் காயத்துக்கும் திருத்த எண் எத்தனை சேர்ந்தாலும் மொத்தம் +1-க்கு மேலும் −1-க்குக் கீழும் போகாது என்று வரம்பு வந்தது.

• 10-ஆம் பதிப்பு (2023): திருத்தாத 6 விழுந்தால் அது ‘கிரிட்டிகல்’ அடி என்று பெயர் சூட்டி, திறன்களை அதோடு கட்டினார்கள்.

– ‘சஸ்டெய்ன்ட் ஹிட்ஸ்’: கிரிட்டிகல் அடிக்குக் கூடுதல் அடி.
– ‘லீத்தல் ஹிட்ஸ்’: கிரிட்டிகல் அடி தானாகவே காயமாகும்.
– திருத்தாத 1 எப்போதும் தவறு. திருத்தாத 6 எப்போதும் வெற்றி.

• ஏன் இந்த மாற்றம்? ‘6+’ திறனைக் கணக்கு எண்ணுக்குக் கட்டினால் +1 உள்ளவருக்கு வாய்ப்பு 1/6-இலிருந்து 2/6, அதாவது இரட்டிப்பு. −1 உள்ளவருக்கு வாய்ப்பு 0. முக எண்ணுக்குக் கட்டினால் யாருக்கும் எப்போதும் 1/6.

• செய்து பார்க்க: 4+ வேண்டிய வீரர், 6-க்கு ஒரு கூடுதல் அடி. ஒரு பகடைக்குச் சராசரி அடி 3/6 + 1/6 = 4/6. −1 சேர்ந்தால் 5, 6 மட்டுமே படும்: 2/6 + 1/6 = 3/6. சாதாரண அடி குறைகிறது, திறன் குறையவில்லை.

• தற்காப்பில்: துப்பாக்கியின் துளைக்கும் எண் கவசத்தைக் குறைக்கும். 3+ கவசம், −3 துளைப்பு என்றால் 6+ மட்டுமே மிஞ்சும். ஆனால் ‘இன்வல்னரபிள்’ தற்காப்பைத் துளைப்பு எண் தொடாது. 4+ இன்வல்னரபிள் உள்ளவர் அதையே எடுத்துக்கொள்வார்: 1/6-க்குப் பதில் 3/6.

• தாயத்தோடு ஒப்பிடுக: இன்வல்னரபிள் என்பது மலை. திருத்த எண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

பகுதி 7: ஆவடி – கவசமும் திறனும் நிஜத்தில்

• கனரக வாகனத் தொழிற்சாலை, ஆவடி – 1961. இங்கே தயாரான விஜயந்தா டாங்கி 1965-இல் வெளிவந்தது. அதன் பீரங்கி 105 மி.மீ.

• டி-72 இந்தியப் பெயர் அஜேயா. டி-90 இந்தியப் பெயர் பீஷ்மா. இரண்டுக்கும் பீரங்கி 125 மி.மீ., உட்புறம் வழவழப்பானது.

• அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம். பீரங்கி 120 மி.மீ., உட்புறம் சுழல்வரி கொண்டது. கவசத்தின் பெயர் காஞ்சன்; உருவாக்கியது ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம்.

• 14.2.2021 – அர்ஜுன் மார்க்-1ஏ சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைப்பு. செப்டம்பர் 2021 – 118 டாங்கிகளுக்கு ரூ.7,523 கோடி ஆணை, ஆவடி தொழிற்சாலைக்கு.

• 1.10.2021 – ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிந்தது. ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டது ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகம் லிமிடெட்.

• பாடத்தோடு தொடர்பு: டாங்கியின் கவசத் தடிமன் எப்போதும் இருப்பது, எனவே அது தற்காப்பு எண். சாய்ந்து பட்ட குண்டு கடக்க வேண்டிய இரும்பின் நீளம் கூடுகிறது, எனவே அது திருத்த எண். டி-90 மேல் செங்கல் செங்கலாகப் பொருத்திய வெடிகவசம் சிறப்புத் திறன்: குண்டு பட்டதும் தானே வெளிநோக்கி வெடித்து அதன் வேகத்தைக் கெடுக்கும். ஒரு கட்டி ஒரு முறைதான் வேலை செய்யும். அதே இடத்தில் அடுத்த அடிக்குக் கவசம் மட்டுமே துணை.

• இதிலும் வரிசை உண்டு: வெடிகவசம் முதலில், கவசம் பிறகு. போர் விளையாட்டு எழுதுபவர்கள் இந்த நிஜ வரிசையைத்தான் விதியாக எழுத முயல்கிறார்கள்.

பகுதி 8: பகடை – பண்பாட்டுக் குறிப்புகள்

• மொகஞ்சதாரோ கனசதுரப் பகடை: 1-க்கு எதிரே 2, 3-க்கு எதிரே 4, 5-க்கு எதிரே 6. இன்றைய பகடையில் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7.

• கீழடி (சிவகங்கை மாவட்டம்): ஆட்டக்காய்களும் பகடைகளும் கிடைத்துள்ளன. 2022-இல் எட்டாம் கட்ட அகழாய்வில் தந்தத்தாலான நீள்சதுரப் பகடை கிடைத்தது.

• ரிக் வேதம், 10-ஆம் மண்டலம், 34-ஆம் பாடல் – சூதாடியின் புலம்பல். அக்காலத்தில் பகடையாகப் பயன்பட்டது தான்றிக்காய்.

• கிருதம் (4), திரேதா (3), துவாபரம் (2), கலி (1) – யுகங்களின் பெயர்கள் பகடை வீச்சுகளின் பெயர்களே.

• திருக்குறள் – சூது: 94-ஆம் அதிகாரம், பொருட்பால், குறள் 931 முதல் 940 வரை.

• வில்லிபாரதம் – சூதுபோர்ச் சருக்கம். பாரதியாரின் பாஞ்சாலி சபதம் – முதல் பாகம் 1912. இரண்டாவது சருக்கம் சூதாட்டச் சருக்கம்.

• வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது வழக்கம். பரமபதத்தில் பாம்பும் ஏணியும் கட்டத்தின் திறன்கள். காய் நகர்ந்து முடிந்த பிறகே செயல்படும்.

பகுதி 9: விடை காணும் வரிசை – ஐந்து படிகள்

1. முக எண்ணை எழுது.
2. மறு உருட்டல் உண்டா? இருந்தால் இப்போதே செய்.
3. திறன் முக எண்ணுக்கா, கணக்கு எண்ணுக்கா? முக எண்ணுக்கு என்றால் இங்கேயே குறித்துவிடு.
4. திருத்த எண்களை மொத்தமாகக் கூட்டு. வரம்பு இருந்தால் பொருத்து.
5. கணக்கு எண்ணைத் தேவையான எண்ணோடு ஒப்பிடு. கணக்கு எண்ணுக்குரிய திறன் இருந்தால் கடைசியாகக் கொடு.

• கேள்வியில் வேறு வரிசை கொடுத்திருந்தால் அதுவே சரி. வீட்டுத் தாயத்திலும் இதையே செய்யுங்கள்: உருட்டும் முன் விதியைப் பேசி முடித்துவிட்டால் சண்டை வராது. விதியை முன்கூட்டியே எல்லாருக்கும் ஒன்றாக அறிவிப்பதுதான் நியாயம். ஆட்டத்திலும் தேர்விலும் அலுவலகத்திலும் இது பொருந்தும்.

பகுதி 10: பயிற்சி வினாக்கள்

1. ஒரு சோடித் தாயக்கட்டையில் 4 விழும் நிகழ்தகவு? – 3/16.

2. மறு ஆட்டம் கிடைக்காத நிகழ்தகவு? – 10/16 = 5/8.

3. தொடர்ந்து இரண்டு வீச்சிலும் தாயம் விழும் நிகழ்தகவு? – 1/8 × 1/8 = 1/64.

4. திருத்தாத 6-க்குத் திறன். வீரருக்கு +1 உண்டு. திறன் கிடைக்கும் நிகழ்தகவு? – 1/6. (2/6 என்று எழுதுவது தவறு.)

5. 3+ வேண்டும், 1 விழுந்தால் மட்டும் மறு உருட்டல். வெற்றி நிகழ்தகவு? – 4/6 + (1/6 × 4/6) = 28/36 = 7/9.

6. 3+ வேண்டும், தவறிய எதையும் ஒரு முறை மறு உருட்டலாம். வெற்றி நிகழ்தகவு? – 4/6 + (2/6 × 4/6) = 32/36 = 8/9.

7. 2+ கவசம், −2 துளைப்பு, 5+ இன்வல்னரபிள். எதை எடுப்பது? – கவசம் 4+ ஆகிறது (3/6), இன்வல்னரபிள் 2/6. கவசமே மேல்.

8. தாயத்தில் ‘ஒவ்வொரு வீச்சுக்கும் −1, திறன் கணக்கு எண்ணுக்கு, 12 விதி முதலில்’ என்றால் காய் இறங்கும் நிகழ்தகவு? – முக எண் 2 விழ வேண்டும்: 3/16. வழக்கமான 2/16-ஐவிட அதிகம்! கழித்தலும் சில நேரம் உதவும்.

9. விஜயந்தா, அர்ஜுன், டி-90: பீரங்கி விட்டத்தின் ஏறுவரிசை? – விஜயந்தா (105), அர்ஜுன் (120), டி-90 (125).

10. பொருத்துக: கிரீக்ஸ்ஷ்பீல் விதிநூல், லிட்டில் வார்ஸ், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், வார்ஹாமர் 40,000. – 1824, 1913, 1974, 1987.

எட்டாவது வினாவைக் கட்டையை உருட்டியே ஒரு முறை செய்து பாருங்கள். 16 விளைவுகளையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் 1 கழித்து, 1 வந்ததை வட்டமிடுங்கள். மூன்று வட்டம் வரும். கையால் செய்த கணக்கு தேர்வு அறையில் மறக்காது.